மக்கும் உலோகமும்: மண்ணின் பிடி எவ்வளவு காலம்?

கெட்டுப்போன நிலத்துக்கு மருந்து என்ன என்று கேட்டால், வேளாண் அலுவலரும் இயற்கை விவசாயியும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: எருவைப் போடுங்கள், மண்ணில் மக்கு கூடட்டும், மற்றதை மண் பார்த்துக்கொள்ளும். பூச்சிக்கொல்லி எச்சத்துக்கு இந்தப் பதில் பெருமளவு பொருந்தும். நுண்ணுயிர்கள் அந்த மூலக்கூறுகளை உடைத்துத் தின்று தீர்த்துவிடும். உலோகத்தின் கதை வேறு. காட்மியமும் ஈயமும் தனிமங்கள். அவற்றை உடைக்க எந்த நுண்ணுயிராலும் ஆகாது. மண்ணுக்குள் வந்த ஈயம் அரிப்பிலோ, வடியும் நீரிலோ, அறுவடையிலோ வெளியேறும் வரை ஈயமாகவே கிடக்கும்.

அப்படியானால் மண்ணின் கரிமப் பொருள் உலோகத்தை என்னதான் செய்கிறது? முக்கால் நூற்றாண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே வரியில் அடங்கும் விடை கிடைப்பதில்லை. ஓரிடத்தில் அது உலோகத்தைக் கட்டிவைக்கிறது; வேறோரிடத்தில் நீரோடு சுமந்து செல்கிறது. குரோமியத்தின் நஞ்சைக் குறைக்கிறது. பாதரசத்தின் நஞ்சைப் பெருக்கவும் துணைபோகிறது. எங்கே எது நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவை நான்கு: உலோகம் எது, மண்ணின் அமிலத்தன்மை எவ்வளவு, வயலில் நீர் எவ்வளவு நாள் நிற்கிறது, கரிமப் பொருள் எத்தனை ஆண்டு தாங்கும். முதல் மூன்றைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். சீரமைப்புத் திட்டங்களில் கணக்கில் வராமல் போவது நான்காவதுதான்.

பிடிப்பது எது?

மண்ணிலிருந்து காரக் கரைசலைக் கொண்டு கரும்பொருளைப் பிரித்தெடுக்கும் வழக்கம் பழையது. ஃபிரான்ஸ் கார்ல் அகார்டு 1786-இலேயே பீட் எனப்படும் புல்கரி மண்ணிலிருந்து அதைப் பிரித்தார். அந்த வழியில் வந்தவைதான் ஹியூமிக் அமிலம், ஃபுல்விக் அமிலம் என்ற பெயர்கள். மண்ணில் இலைதழை மக்கும்போது புதிதாகப் பெரிய மூலக்கூறுகள் உருவாகி நிலைத்துவிடுகின்றன என்பது நெடுங்காலப் பாடம். யோகன்னஸ் லேமனும் மார்க்கஸ் கிளெபரும் 2015-இல் ‘நேச்சர்’ இதழில் அதை மறுத்தார்கள். மண்ணில் இருப்பவை சிதைவின் பல படிகளில் உள்ள சிறிய, பெரிய துண்டுகள்தான் என்பது அவர்கள் வாதம். அவை நீடிப்பதற்குக் காரணம், களிமண்ணோடும் இரும்பு ஆக்சைடுகளோடும் ஒட்டிக்கொண்டு நுண்ணுயிரின் கைக்கு எட்டாமல் இருப்பது. இந்த விவாதம் உலோகத்தைப் பற்றியதும்கூட. மக்கு என்றைக்கும் அழியாத பொருள் என்றால் அது பிடித்த உலோகமும் என்றைக்கும் பிடிபட்டே இருக்கும். மக்கு எப்போதும் சிதைந்துகொண்டே இருப்பது என்றால் அந்தப் பிடியும் தற்காலிகமானதே.

பிடியின் வேதியியலில் குழப்பம் குறைவு. கரிமப் பொருளின் பரப்பெங்கும் கார்பாக்சில், பீனால் தொகுதிகள் உள்ளன. அவற்றிலிருந்து ஹைட்ரஜன் அயனி விலகியதும் அந்த இடம் எதிர்மின் சுமை பெற்று, நேர்மின் சுமையுள்ள உலோக அயனியை ஈர்க்கும். ஒரு கிலோ மக்கு 200 முதல் 300 சென்டிமோல் வரை அயனிகளைத் தாங்கும். செம்மண்ணில் மிகுந்துள்ள கயோலினைட் களிமண் தாங்குவது 3 முதல் 15 வரைதான். மண்ணில் ஒரே ஒரு சதவீதமாக இருந்தாலும் கரிமப் பொருள் தன் எடைக்கு மிஞ்சிய வேலையைச் செய்வது இதனால்தான்.

வெறும் மின் ஈர்ப்பு மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்து வந்து உலோகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில உலோகங்கள் அதைவிட இறுக்கமாக, இரண்டு மூன்று தொகுதிகளுக்கு நடுவே சிக்கிப் பிணைகின்றன. ஹாரி இர்விங்கும் ராபர்ட் வில்லியம்சும் 1953-இல் விரித்துரைத்த வரிசை இங்கே உதவும்: மாங்கனீசு, இரும்பு, கோபால்ட், நிக்கல், தாமிரம் என்று பிணைப்பின் வலிமை ஏறிக்கொண்டே போய், துத்தநாகத்தில் மீண்டும் இறங்குகிறது. மண்ணிலும் தாமிரமே இந்த வரிசையின் உச்சி. ஈயம் அதற்கு நெருங்கி நிற்கும். துத்தநாகமும் காட்மியமும் கீழே, எளிதில் கழன்றுவிடும் இடத்தில் உள்ளன. பாதரசம் தனி வகை. அது தேடிப்போவது கரிமப் பொருளில் சிறு அளவில் உள்ள கந்தகத் தொகுதிகளை. அங்கே பிணைந்துவிட்டால் எளிதில் பிரியாது.

தாமிரம்: பிடியின் இரு முகங்கள்

தாமிரத்தின் வரலாற்றில் கரிமப் பொருளின் வலிமையை இரு எதிர் முனைகளிலிருந்தும் பார்க்கலாம். நெதர்லாந்தில் பீட் நிலங்களைத் திருத்திப் பயிரிடத் தொடங்கியபோது ஓட்ஸ் கதிர்கள் நிரம்பாமல் போயின. அந்நிலத்தில் மேய்ந்த கால்நடைகளும் நோயுற்றன. காரணம் தாமிரப் பற்றாக்குறை. மண்ணில் தாமிரம் இருந்தும், மக்கு அதை விடாததால் பயிர் பட்டினி கிடந்தது.

மறுமுனையில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்கள். பியர் மரி அலெக்சி மில்லார்டே 1885-இல் அறிவித்த போர்டோ கலவை, மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்தது. அடிச்சாம்பல் நோயிலிருந்து திராட்சையைக் காத்த அந்தக் கலவை நம் காப்பித் தோட்டங்களிலும் பாக்குத் தோப்புகளிலும் இன்றும் தெளிக்கப்படுகிறது. ஒவ்வொரு தெளிப்பிலும் தாமிரம் மண்ணில் இறங்கி, மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. நூறாண்டாகத் தெளித்த ஐரோப்பியத் தோட்டங்களின் மேல்மண்ணில் கிலோவுக்கு நூறு மில்லிகிராமைத் தாண்டிய தாமிரம் சாதாரணம். இயற்கை விவசாயச் சான்று பெற்ற தோட்டங்களுக்கும் அனுமதிக்கப்பட்ட மருந்து என்பதால் அவையும் விலக்கல்ல. ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் தாமிரம் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு 2019-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே இறங்கிய தாமிரம் பெருமளவு கரிமப் பொருளின் பிடியில் இருக்கிறது. கொடிகள் தப்பிப் பிழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கரைந்த கரிமம்: சுமந்து செல்லும் கை

இதுவரை சொன்னது மண்ணோடு நிற்கும் கரிமப் பொருளைப் பற்றி. அதில் ஒரு பகுதி நீரில் கரையக்கூடியது. மழைக்குப் பின் காட்டோடையில் தேநீர் நிறத்தில் வரும் நீரில் இருப்பது அதுதான். கரைந்த கரிமமும் அதே தொகுதிகளால் உலோகத்தைப் பிடிக்கிறது, பிடித்துக்கொண்டு நகர்கிறது. மண்நீரில் கரைந்துள்ள தாமிரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்படிக் கரிமத்தோடு பிணைந்தே இருப்பது வழக்கம்.

இதனால் இரண்டு விளைவுகள். பிணைந்த தாமிரத்தை வேர் எளிதில் உறிஞ்சாது. மீனின் செவுளிலும் அது எளிதில் ஒட்டாது. ஆகவே மொத்தம் எவ்வளவு கரைந்துள்ளது என்பதைக் காட்டிலும் பிணைப்பில்லாத அயனி எவ்வளவு என்பதே நஞ்சின் அளவைச் சொல்லும். நீர்நிலைகளில் உலோக வரம்பு வகுக்கும் இன்றைய முறைகள் சில இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. இது நல்ல விளைவு. இன்னொன்று, மேல்மண்ணில் தங்க வேண்டிய உலோகம் கரைந்த கரிமத்தின் தோளில் ஏறி ஆழத்துக்கும் நிலத்தடி நீருக்கும் பயணம் செய்வது. பச்சைச் சாணத்தையோ நன்றாக மக்காத குப்பையையோ கொட்டிய முதல் சில வாரங்களில் கரைந்த கரிமம் பெருகும். தாமிரமும் ஈயமும் அப்போது நகரும்.

சுண்ணாம்பு இடுவதிலும் இந்தச் சிக்கல் உண்டு. அமில மண்ணில் சுண்ணாம்பு இட்டு பிஎச் அளவை உயர்த்தினால் காட்மியமும் துத்தநாகமும் நம்பகமாக அடங்கும். அதே சுண்ணாம்பு கரிமப் பொருளையும் கூடுதலாகக் கரைப்பதால் மண்நீரில் தாமிரத்தின் மொத்த அளவு எதிர்பார்த்தபடி குறையாமல் போகலாம். ஒரே மருந்துக்கு இரு உலோகங்கள் இரு விதமாகப் பதில் சொல்கின்றன.

ஈயம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சுவிட்சர்லாந்தின் யூரா மலையில் எத்தாங் டி லா குருயேர் என்ற பீட் சதுப்பு உள்ளது. வில்லியம் ஷோட்டிக் குழுவினர் 1998-இல் அதன் அடுக்குகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். பதினான்காயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு அதில் பதிவாகியிருந்தது. ரோமானியர் சுரங்கத் தொழிலின் ஈயத் தூசு ஓர் அடுக்கில்; ஈயம் கலந்த பெட்ரோலின் காலம், 1979-ஐ ஒட்டிய உச்சத்தோடு, மேலடுக்கில். படிந்த அடுக்கைவிட்டு ஈயம் பெரிதாக நகரவில்லை.

அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் கிடைத்த பாடம் வேறு. அங்கும் பெட்ரோலின் ஈயம் காட்டுத்தரையின் இலைமக்கில் படிந்திருந்தது. அது நீங்கச் சில நூற்றாண்டுகள் ஆகும் என்று முதலில் கணித்தார்கள். பெட்ரோலில் ஈயம் குறைந்த பிறகு அளந்தபோது, சில பத்தாண்டுகளிலேயே இலைமக்கு அடுக்கிலிருந்து ஈயம் கீழே இறங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. இலைமக்கு சிதையச் சிதைய அதன் ஈயமும் இறங்கியது. இறங்கிய ஈயத்தில் பெரும்பகுதியை அடிமண் பிடித்துக்கொண்டது. இரண்டு இடத்திலும் ஈயம் ஒன்றே. சதுப்பில் நீர் தேங்கி மூச்சடைத்துக் கிடப்பதால் பீட் சிதைவதில்லை. காட்டுத்தரையில் காற்றுப் பட்டு மக்கு சிதைகிறது. உலோகத்தின் ஆயுள் அதைப் பிடித்திருக்கும் கரிமத்தின் ஆயுளைப் பின்பற்றுகிறது.

நீர் நிற்கும் வயலில்

நெல்வயலுக்கு வந்தால் கதை மேலும் மாறுகிறது. நீர் தேங்கியதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அதன்பின் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடுகளை வைத்துச் சுவாசிக்கத் தொடங்கும். அதற்கு உணவு கரிமப் பொருள். இரும்பு ஆக்சைடு கரையும்போது அதில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் நீருக்குள் விடுபடும்.

வங்கப் படுகையில் நடந்தது இதன் பேருருவம். இமயமலையிலிருந்து வந்த வண்டலில் ஆர்செனிக் அதிகம் என்று சொல்ல முடியாது. ஆயினும் ஆழத்தில் புதைந்த கரிமப் பொருள் நுண்ணுயிருக்குத் தீனியாகி, இரும்போடு ஆர்செனிக்கையும் கரைத்துவிட்டது. மேற்கு வங்கத்திலும் வங்கதேசத்திலும் கோடிக்கணக்கானோர் குடித்த குழாய்க்கிணற்று நீரில் அது கலந்தது. அந்தத் தீனி புதைந்த பீட் அடுக்குகளிலிருந்து வருகிறதா, மேலேயுள்ள குளங்களின் நீரோடு இறங்குகிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. கரிமமே அந்த வினையின் எரிபொருள் என்பதில் வேறுபாடு இல்லை.

வயல் மட்டத்திலும் இதே வினைதான். ஆர்செனிக் கலந்த நீரைப் பாய்ச்சிய வயலில் பச்சை வைக்கோலையோ பசுந்தாள் உரத்தையோ மடக்கி உழுது உடனே நீர் கட்டினால், மண்நீரில் ஆர்செனிக் கூடும், நெல்மணிக்கும் ஏறும். காட்மியம் இதற்கு நேர் எதிர். நீர் நிற்கும் காலத்தில் அது கந்தகத்தோடு சேர்ந்து கரையாத சல்பைடாகி அடங்கியிருக்கும். அறுவடைக்கு முன் வயலை வடிக்கும்போது மீண்டும் விடுபடும். ஜப்பானின் தொயாமா பகுதியில் கமியோக்கா சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்று நீரோடு வயல்களுக்குப் பாய்ந்தது. அங்கு விளைந்த அரிசியின் காட்மியம் எலும்புகளை நொறுக்கும் இதாய்-இதாய் நோயைக் கொண்டுவந்தது. ஜப்பான் அரசு 1968-இல் அதை மாசால் வந்த நோய் என்று ஏற்றுக்கொண்டது. அந்நாட்டு விவசாயிகள் கதிர் வரும் காலத்தில் வயலில் நீர் நிறுத்திக் காட்மியத்தைக் கட்டுப்படுத்தக் கற்றார்கள்.

நம் ஊரில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்லப்படும் நீர்ச்சிக்கன முறை ஆர்செனிக்குக்கு நல்லது, காட்மியத்துக்கு ஆகாது. இரண்டும் உள்ள வயலில் ஒன்றைக் குறைக்கப்போனால் மற்றது தலைதூக்கும். உலக உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ், தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் காட்மியத்தையும் 0.2 மில்லிகிராம் கனிம ஆர்செனிக்கையும் வரம்பாக வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே வயலில் காக்க, எப்போது நீர் கட்டுவது, எப்போது வடிப்பது, எந்த எருவை எந்தப் பக்குவத்தில் இடுவது என்ற மூன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

பாதரசத்தில் இது இன்னும் கடுமை. காற்றில் வரும் பாதரசத்தை இலைகள் வாங்கிக்கொள்ளும். இலை உதிர்ந்து மக்கும்போது அது கந்தகத் தொகுதிகளில் பிணைந்து காட்டு மண்ணில் சேரும். கொடைக்கானலில் 1983 முதல் 2001 வரை இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம், சோலைக்காட்டின் மக்கு நிறைந்த மண்ணில் இறங்கியதும் இதில் அடங்கும். உலர்ந்த மண்ணில் அது ஓரளவு அடங்கிக் கிடக்கும். அந்த மண் அரித்துப்போய் நீர்நிலையின் சேற்றில் சேர்ந்தால், அங்குள்ள சில நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனில் ஏறி, மீனிலிருந்து மனிதனுக்கு வரும்.

கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாப் பகுதியில் 1970களின் இறுதியில் நீர்மின் திட்டத்துக்காகக் காட்டு மண்ணை மூழ்கடித்தபோது இதுவே நடந்தது. புதிய பாதரசம் எதையும் யாரும் கொட்டவில்லை. மூழ்கிய மக்கு நுண்ணுயிருக்கு உணவாகி, மண்ணில் ஏற்கெனவே இருந்த பாதரசத்தை மெத்தில் வடிவுக்கு மாற்றியது. நீர்த்தேக்கத்து மீன்களில் பாதரசம் பல மடங்கு ஏறியது. மீனை நம்பி வாழ்ந்த கிரீ மக்கள் அதன் சுமையைச் சுமந்தார்கள். மீனின் அளவு பழைய நிலைக்குத் திரும்பப் பத்தாண்டுகள் போதவில்லை.

குரோமியம்: கரிமம் காக்கும் இடமும் கைவிடும் இடமும்

கரிமப் பொருள் தெளிவாக நன்மை செய்யும் இடம் ஒன்று உண்டென்றால் அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். நீரில் எளிதில் கரைந்து ஓடும், புற்றுநோய் உண்டாக்கும் வடிவம் அது. கரிமப் பொருள் அதற்கு எலக்ட்ரான்களைத் தந்து மூன்று இணைதிறன் கொண்ட குரோமியமாக மாற்றுகிறது. இந்த வடிவம் பெரும்பாலும் கரையாது; நஞ்சும் மிகக் குறைவு.

இராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை தோல் பதனிடுவதற்கான குரோமிய உப்புகளைத் தயாரித்தது. 1990களின் நடுவில் அது மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவு வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. 2006-இல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது. சுற்றுவட்டார மண்ணின் கரிமம் இதைத் தணிக்காதா என்ற கேள்வி எழும். இரண்டு தடைகள் உள்ளன. குரோமேட் உற்பத்தியின் கழிவு கடுங்காரமானது. கரிமப் பொருள் குரோமியத்தை மாற்றும் வேகம் அமில நிலையில் அதிகம், கார நிலையில் மிகக் குறைவு. அடுத்து, நம் மண்ணில் கரிமமே குறைவு. மண்வள அட்டைக் கணக்கில் கரிமச்சத்து அரை சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’. தமிழ்நாட்டின் மானாவாரி நிலங்களில் பெரும்பகுதி அந்த வகையில்தான் வருகிறது.

மூன்று இணைதிறன் வடிவத்துக்கு வந்துவிட்டால் பிறகு கவலையே இல்லை என்று நினைப்பதும் தவறு. மண்ணில் உள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் அதை மீண்டும் ஆறு இணைதிறன் வடிவத்துக்கு ஏற்ற வல்லவை என்று ரிச்சர்ட் பார்ட்லெட்டும் புரூஸ் ஜேம்ஸும் 1979-இல் காட்டினார்கள். கரையாத குரோமியம் மாங்கனீசைத் தொட வாய்ப்புக் குறைவு; சிட்ரிக் போன்ற கரிம அமிலங்கள் அதைக் கரைத்து எடுத்துச் சென்றால் வாய்ப்புக் கூடும். ஆகவே அங்கும் எருவைத் தொடர்ந்து இட்டு, எலக்ட்ரான் தரும் கரிமம் தீராமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எருவே உலோகம் சுமந்து வந்தால்

கரிமப் பொருளும் உலோகமும் ஒன்றாகவே மண்ணுக்கு வரும் வழியும் உண்டு: நகரச் சாக்கடைக் கசடு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையம் தன் வோபர்ன் பண்ணையில் 1942-இல் தொடங்கிய காய்கறிச் சோதனையில் 1961 வரை கசடு இடப்பட்டது. நிறுத்திய பிறகும் பல பத்தாண்டுகள் அந்த நிலத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். கரிமப் பொருள் குறைந்தது. உலோகம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. வெள்ளைக் குளோவர் பயிரின் வேர்முடிச்சுகளில் நைட்ரஜனைப் பிடிக்க வேண்டிய ரைசோபியம் நுண்ணுயிர், உலோகம் தாங்கும் ஆனால் வேலை செய்யாத வகையாகச் சுருங்கிப்போயிருந்தது. இத்தனைக்கும் மண்ணின் உலோக அளவு ஐரோப்பிய வரம்புகளை ஒட்டியே இருந்தது.

இந்தக் கசடு விவகாரத்தில் அமெரிக்காவில் இரு முகாம்கள் உருவாயின. கசட்டிலுள்ள இரும்பும் கரிமமும் உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓர் அளவுக்குமேல் பயிர் உறிஞ்சுவது அதிகரிக்காது என்றது ரூஃபஸ் சேனி சார்ந்த தரப்பு. 1993-இல் வந்த அமெரிக்க விதி ஒரு ஹெக்டேரில் மொத்தம் 39 கிலோ காட்மியம் வரை சேர அனுமதித்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் மரே மெக்பிரைட் இதை மறுத்தார்: கரிமம் மக்கியதும் பிடி தளரும், அன்று பிரச்சினை வெடிக்கும். இன்றுவரை கிடைத்த வயல் சான்றுகள் இரு தரப்பையும் முழுதாக ஆதரிக்கவில்லை. கரிமம் குறைந்த பிறகும் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஒரு பங்கைப் பிடித்துவைக்கின்றன; ஆகையால் பெருவெடிப்பு எதுவும் நிகழவில்லை. ஆனால் காலப்போக்கில் உலோகம் அடங்கிவிடும் என்ற நம்பிக்கையும் பலிக்கவில்லை. மண் அமிலமாக ஆக, அடங்கியது திரும்ப எழுந்தது.

நம் நாட்டுக்கு இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். உரக் கட்டுப்பாட்டு ஆணை நகரக் கம்போஸ்டில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் காட்மியம் வரை அனுமதிக்கிறது. வரம்பைத் தொடும் கம்போஸ்டை ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 10 டன் இட்டால் 50 கிராம் காட்மியம் சேரும். பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு ஹெக்டேர் மேல்மண்ணின் எடை ஏறக்குறைய 2,000 டன். நாற்பது ஆண்டுகளில் 2 கிலோ காட்மியம், அதாவது மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கூடியிருக்கும். கசடு இடும் நிலங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1986-இல் வைத்த வரம்பு 1 முதல் 3 மில்லிகிராம். நம் வெப்பத்தில் அதே நாற்பது ஆண்டுகளில் இட்ட கரிமத்தில் பெரும்பங்கு காற்றில் கலந்திருக்கும். காட்மியம் ஒரு கிராமும் ஆவியாகியிருக்காது. குப்பையை ஊற்றுக்கண்ணிலேயே தரம் பிரிப்பது துப்புரவுப் பிரச்சினை மட்டுமல்ல, மண்ணின் உலோகக் கணக்கும் அதில்தான் தொடங்குகிறது.

பண்ணை எருவும் முற்றிலும் தூயதன்று. பன்றி, கோழித் தீவனங்களில் தாமிரமும் துத்தநாகமும் சேர்க்கப்படுவதால் அவற்றின் எருவிலும் அவை மிகுந்திருக்கும். பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு தருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் நிறுத்தியதற்கு, மண்ணில் அது சேர்வதும் ஒரு காரணம்.

உலோகம் மக்கை என்ன செய்கிறது?

இந்த உறவு ஒருவழிப் பாதை அல்ல. ஸ்வீடனின் குசும் என்ற ஊரில் நூற்றாண்டுகளாக இயங்கிய பித்தளை ஆலையைச் சுற்றியுள்ள காட்டில், ஆலையை நெருங்க நெருங்க இலைதழை மக்காமல் குவிந்துகிடந்தது. தாமிரமும் துத்தநாகமும் பூஞ்சைகளையும் நுண்ணுயிர்களையும் முடக்கியதால் சிதைவு நின்றுபோனது. அத்தகைய இடத்தில் கரிமப் பொருள் அதிகம் என்று ஆய்வக அறிக்கை சொல்லும். அதை மண்வளம் என்று எடுத்துக்கொண்டால் ஏமாறுவோம்.

கனடாவின் சட்பரி இதன் கொடிய எல்லை. நிக்கல், தாமிர உருக்காலைகளின் கந்தகப் புகை மரங்களை அழித்தது. மரம் போனதும் மேல்மண் மக்கோடு அரித்துப் போனது. எஞ்சிய அமில மண்ணில் தாமிரமும் நிக்கலும் தடையின்றி உலவ, விதை முளைத்தாலும் வேர் பிடிக்கவில்லை. 1978-இல் நகராட்சி மறுபசுமைத் திட்டத்தைத் தொடங்கியது. சுண்ணாம்புக்கல் தூளைக் கையால் தூவி, உரமும் புல் விதையும் இட்டு, பிறகு மரக்கன்றுகளை நட்டார்கள். இதுவரை ஒரு கோடிக்கும் மேல் மரங்கள் நடப்பட்டிருக்கின்றன. உலோகம் எதையும் அவர்கள் அகற்றவில்லை. அமிலத்தைத் தணித்துச் செடி வளரவிட்டார்கள். செடி உதிர்த்த இலை புதிய மக்கானது. அந்த மக்கு உலோகத்தைப் பிடிக்கத் தொடங்கியது. சமீப ஆண்டுகளில் வேறு காடுகளின் தரைமக்கைப் பாளம் பாளமாகக் கொண்டுவந்தும் பதிக்கிறார்கள். திட்டம் தொடங்கி நாற்பது ஆண்டுகளைத் தாண்டியும் வேலை முடியவில்லை.

என்ன செய்யலாம், யார் செய்வது?

இந்தச் சான்றுகளிலிருந்து நடைமுறைக்குச் சில முடிவுகளை எடுக்கலாம். உலர்நிலத்தில் தாமிரமோ ஈயமோ மிகுந்திருந்தால் நன்கு மக்கிய எரு நம்பகமான மருந்து. காட்மியத்துக்கு எரு மட்டும் போதாது. அமில மண்ணானால் சுண்ணாம்பும் வேண்டும். ஆர்செனிக் உள்ள நெல்வயலில் பச்சையான தழையை மடக்கி உடனே நீர் கட்டுவது ஆபத்து. பாதரசம் படிந்த காட்டு மண்ணைக் கிளறுவதும் மூழ்கடிப்பதும் கூடாது. குரோமியத்தில் முதலில் கழிவுக்குவியலை மழையிலிருந்து பிரிக்க வேண்டும். காரத்தைத் தணிக்க வேண்டும். அதன்பிறகே கரிமம் வேலை செய்யும். இப்போது பேசப்படும் பயோசார் என்ற கரித்தூளும் இதே விதிகளுக்கு உட்பட்டதுதான். எருவைவிட நெடுநாள் நிற்கும். ஈயத்தையும் காட்மியத்தையும் நன்கு பிடிக்கும். காரத்தன்மையால் ஆர்செனிக்கை விடுவிக்கவும் கூடும்.

மண் பரிசோதனையும் மாற வேண்டும். ஒரு கிலோ மண்ணில் மொத்தம் எத்தனை மில்லிகிராம் உலோகம் என்ற ஓர் எண்ணை வைத்துச் சட்டம் பேசுகிறது. பயிரும் நுண்ணுயிரும் எதிர்கொள்வது கரைந்து கிடைக்கும் பங்கை. அந்தப் பங்கு, பிஎச், கரிமச்சத்து மூன்றையும் மொத்த அளவோடு சேர்த்தே பதிய வேண்டும். கிடைக்கும் பங்கு குறைந்துவிட்டது என்று காட்டி மொத்த அளவை மறந்துவிடவும் கூடாது. அது கரிமத்தின் பிடி உள்ளவரைக்குமான நற்செய்தி மட்டுமே.

இங்கிருந்து சட்டத்தின் கேள்வி எழுகிறது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிசெய்தது. நடைமுறையில் அந்த ஈடு, ஒருமுறை கணக்கிட்டு ஒருமுறை கட்டும் தொகையாகவே பார்க்கப்படுகிறது. உலோகத்தை வெட்டியெடுத்து அகற்றினால் அது சரி. மண்ணிலேயே கரிமத்தைக் கொண்டு அடக்கிவைப்பதானால் கணக்கே வேறு. மக்கு ஆண்டுதோறும் தேய்கிறது, ஆகவே ஆண்டுதோறும் நிரப்ப வேண்டும். சுண்ணாம்பை மழை கரைக்கிறது, ஆகவே மீண்டும் இட வேண்டும். கிணற்றையும் பயிரையும் தொடர்ந்து அளக்க வேண்டும். இந்தச் செலவுக்கு முடிவுத் தேதி கிடையாது. தொழிற்சாலை மூடப்பட்டு உரிமையாளர் விலகிய பின் அது நிலத்துக்காரர் தலையில் விழுகிறது. அவர் வண்டி வண்டியாக எருவடித்து யாரோ விட்டுச்சென்ற குரோமியத்தைக் காவல் காக்கிறார். எருவைக் கொண்டு நிலத்தை மீட்கும் எந்தத் திட்டமும், அந்தப் பராமரிப்புக்கான நிதியை மாசுபடுத்தியவரிடம் முன்கூட்டியே வாங்கிவைத்த பிறகே ஒப்புதல் பெற வேண்டும்.